தட்டின் அடியில் எழுதிய எண்

நுர்மெஸ்,
ஜூலை 21

மெர்வி,

கடிதமாகவே எழுதிவிடுகிறேன். போனில் பேசினால் நம்மில் யாராவது ஒருவர் பாதியில் வைத்துவிடுகிறோம். மீதியை நான் நாயிடம்தான் சொல்லவேண்டியிருக்கிறது. அதுவோ உன் கட்சி.

ஆகஸ்ட் 22, வெள்ளிக்கிழமை ஹெல்சிங்கிக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறேன். மாதக் கடைசிக்குள் நீ டிராம்காரர்களுக்குப் பதில் சொல்லவேண்டும். நிரந்தர வேலையை எடுத்துக்கொண்டு அங்கேயே இருக்கப்போகிறாயா, வீட்டுக்குத் திரும்பப்போகிறாயா என்று பேசித்தான் ஆகவேண்டும். எதிரெதிரே உட்கார்ந்தால் நமக்குப் பேச்சு வராது. கல்யாணம் செய்துகொள்ளலாமா என்றுகூட நீ என்னை ஒன்பதாம் கூடைக்கும் பத்தாம் கூடைக்கும் நடுவில் நடக்கும்போதுதான் கேட்டாய். காட்டுக்குள் தட்டை எறிந்து, பின்னாலேயே நடந்து, சங்கிலிக் கூடையில் போடுவதைத் தவிர நாம் சேர்ந்து உருப்படியாக எதையும் செய்ததாக எனக்கு நினைவில்லை.

ஆகவே டிஸ்க் கோல்ஃப் திடலாகப் பார்த்துப் போவோம். உன் ஊரில் எத்தனையோ இருக்கின்றன. எனக்குத் தெரிந்தவை மூன்று: சில்தமேகி, கிவிக்கோ, மெய்லஹ்தி. இதில் எது நல்லது என்று எழுது. நீ எறிவதை நிறுத்திவிட்டாய், தெரியும். எனக்கும் தோள் இப்படி இருக்கிறது. பரவாயில்லை, மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நடக்கலாம்.

கிம்மோ


ஹெல்சிங்கி,
ஜூலை 27

கிம்மோ,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து நின்றுகொண்டே பிரித்தேன். இத்தனை வருஷத்தில் நீ எனக்கு எழுதியதெல்லாம் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய "பால் இல்லை" மட்டும்தான்.

வா. கட்டாயம் வா. ஆனால் திடல் எதற்கு? படகேறித் தீவுக்குப் போகலாம். துறைமுகச் சந்தையில் சால்மன் சூப் குடிக்கலாம். சில்தமேகி ஆற்றோரம், கொசு பிடுங்கும். கிவிக்கோ முழுக்கப் பாறையும் மேடும்; அந்தத் தோளை வைத்துக்கொண்டு நீ வழுக்கி விழுந்தால் யார் பதில் சொல்வது? மெய்லஹ்தியில் சனிக்கிழமை என்றால் எறிமேடைக்கு வரிசை நிற்கும். எல்லாம் கேள்விப்பட்டதுதான். நடந்தே தீரவேண்டும் என்றால் எஸ்போ பக்கம் ஒய்த்தா என்று ஒன்று இருக்கிறதாம், ஏரிக்கரையில். அதை நான் பார்த்ததே இல்லை. அங்கே போகலாம்.

அது சரி, அந்த மூன்று பெயர்கள் உனக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்று. "பேசித்தான் ஆகவேண்டும்" என்று எழுதியிருக்கிறாய். மே மாதத்திலிருந்து இதையேதான் சொல்கிறாய், பேச்சு மட்டும் வருவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை "ஒனக்கு என்னதான் வேணும் கிம்மோ"ன்னு கேட்டேன். "மழை வர்ற மாதிரி இருக்கு"ன்னாய். நான் சிரித்துவிட்டு வைத்தேன். பிறகு அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அங்கே நான் பள்ளிப் பஸ் ஓட்ட இனிப் பிள்ளைகள் இல்லை. அந்த வழித்தடத்தையே எடுத்துவிட்டார்கள். இங்கே டிராம் ஓட்டுகிறேன், நன்றாக ஓட்டுகிறேன் என்கிறார்கள். நான் அங்கே வரவேண்டும் என்கிறாயா, நீ இங்கே வருவாயா, இல்லை இரண்டுமே இல்லையா? அந்த மூன்றாவதை மட்டும் சொல்லிவிடாதே.

மெர்வி


நுர்மெஸ்,
ஆகஸ்ட் 2

மெர்வி,

எப்படித் தெரியும் என்று கேட்டாய். சொல்கிறேன்.

மே மாதம் கடையில் படகு மோட்டார் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தேன். என் போனுக்கு ஒரு செய்தி வந்தது: "வணக்கம் மெர்வி, சில்தமேகி ஆறாம் கூடை பக்கத்துல, ஆத்தோரப் புல்லுக்குள்ள ஒங்க ஆரஞ்சுத் தட்டு கெடச்சுது. எப்ப வந்து வாங்கிக்கிறீங்க?" மோட்டாரை அப்படியே வைத்துவிட்டேன்.

நீ போனை ஏரியில் போட்ட அந்தக் கோடை நினைவிருக்கிறதா? இனி நம் இருவர் தட்டுகளின் அடியிலும் என் எண்ணையே எழுதிவிடலாம், நான்தான் எதையும் தொலைக்காதவன் என்றாயே. உன் பெயர், என் எண். அதை நீ மறந்துபோனாய். கண்டெடுத்தவர்கள் எல்லோரும் என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

சில்தமேகிக்குப் பிறகு கிவிக்கோ, பாறை இடுக்கில் நீலத் தட்டு. பிறகு மெய்லஹ்தி. பிறகு மறுபடியும் சில்தமேகி. உனக்கு அங்கே காற்று வலப்பக்கம் இழுக்கிறது என்று நினைக்கிறேன். ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லி, முதல் எறிமேடைக்குப் பக்கத்தில் தொலைந்த தட்டுகளுக்கென்று ஒரு பெட்டி இருக்குமே, அதில் போட்டுவிடச் சொன்னேன். தொலைத்த தட்டெல்லாம் தானாகப் பெட்டிக்கு வந்துசேர்கிறதே, நகரத்துக்காரர்கள் எவ்வளவு நல்லவர்கள் என்று நீ நினைத்திருப்பாய்.

"நீ எறியாத வரைக்கும் நானும் எறியமாட்டேன்"ன்னு நீதான் சொன்னாய். நான் கேட்கவில்லை. சவுனாக் குளியலறைக் கூரையில் பனி தள்ளப்போய் விழுந்தது நான், தோள் என்னுடையது. நீ ஆடியதில் எனக்குக் கோபம் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் "இன்னிக்கு என்ன பண்ணின"ன்னு கேட்டால் "துணி துவைச்சேன்"ன்னு சொன்னாயே, அதில்தான்.

ஜூலையில் கடைசியாக வந்த செய்தி இது: "ஒங்க தட்ட அக்செலி கையில குடுத்துட்டேன். நீங்க ரெண்டு பேரும் எப்பவும் சேர்ந்துதானே ஆடுறீங்க." யார் இந்த அக்செலி?

கிம்மோ


ஹெல்சிங்கி,
ஆகஸ்ட் 7

கிம்மோ,

உன் கடிதத்தை டிப்போ சாப்பாட்டு அறையில் படித்தேன். முகம் எரிந்தது. முதல் பாதி வெட்கம். பிற்பாதி என்ன என்று இப்போது சொல்கிறேன்.

மே மாதத்திலிருந்து உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே வாராவாரம் "இன்னிக்கு என்ன பண்ணின"ன்னு கேட்டிருக்கிறாய். நான் துணி துவைத்தேன் என்று உளறுவதை, கையில் செய்தியை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாய். நான் பொய் சொன்னேன், சரி. நீ அந்தப் பொய்க்கு நாற்காலி போட்டு உட்காரவைத்தாய். எது பெரிய குற்றம் என்று நீயே சொல்.

அக்செலி எனக்கு டிராம் ஓட்டப் பழக்கிய ஆள். இரட்டைக் குழந்தைகள் பிறந்து தூக்கமில்லாமல் அலைகிறவன். வியாழக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் டிப்போவிலிருந்து ஒரு கும்பல் ஆடப்போகிறோம், அவனும் வருவான். அவன் தட்டை எறிந்தால் மரத்துக்குத்தான் ஆபத்து. உன் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். இவ்வளவுதான் விஷயம், இதற்கு மேல் நான் விளக்கம் சொல்லமாட்டேன்.

ஏன் மறுபடி எறிந்தேன் என்று நீ கேட்கவேயில்லை. தனியாக ஓட்ட ஆரம்பித்த வாரம் ஒரு பெரியவர் நாயைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தில் இறங்கிவிட்டார். பிரேக் பிடித்தது. அவருக்கும் ஒன்றுமில்லை, நாய்க்கும் ஒன்றுமில்லை. எனக்குத்தான் கை நடுக்கம் நிற்கவில்லை. உன்னைக் கூப்பிட்டேன். நீ எடுத்ததும் தோளில் ஊசி போட்டது, வலி, தூக்கம் வரவில்லை என்று சொன்னாய். அதற்கு மேல் நான் என்னுடையதைச் சொல்வதா? வைத்துவிட்டு, தட்டுப் பையை எடுத்துக்கொண்டு எங்கே திடல் இருக்கிறதோ அங்கே போனேன். இருட்டும்வரை எறிந்தேன், கை நின்றது. அதை உன்னிடம் சொல்லியிருந்தால் தோள் போனபிறகு ஜன்னலோரம் நின்று என் பையைப் பார்த்தாயே ஒரு பார்வை, அதே பார்வையோடு "நல்லது"ன்னு சொல்லியிருப்பாய். அது எனக்குத் தாங்காது.

இனித் திடல் பெயர் எதையும் நான் எழுதப்போவதில்லை. மூன்று மாதமாக எல்லாத் திடலையும் நீதான் அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறாயே. நீயே முடிவு செய். வராமல் இருந்தாலும் சொல்லிவிடு, அன்றைக்கு ஷிஃப்ட் எடுத்துக்கொள்கிறேன்.

மெர்வி


நுர்மெஸ்,
ஆகஸ்ட் 13

மெர்வி,

நாய், தண்டவாளம், நடுக்கம், எதுவும் எனக்குத் தெரியாது. அன்றைக்கு நான் என் ஊசியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன் என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. அதற்காக வருந்துகிறேன்.

நாற்காலி போட்டதும் உண்மைதான். கேட்டால் நீ நிறுத்திவிடுவாயோ என்று பயம். நீ நிறுத்திவிட்டால் செய்தி வருவதும் நின்றுவிடும். நீ எங்கே போகிறாய், எந்தக் கூடையில் தவறவிடுகிறாய் என்று எனக்கு அந்த முன்பின் தெரியாதவர்கள்தான் சொன்னார்கள். நீ சொல்லவில்லையே.

நானும் ஒன்றை மறைத்தேன். ஜூன் மாதத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இடது கையால் எறிகிறேன். வலது தோள் இனி வராது, டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார். இடது கையால் முதல் நாள் எறிந்த தட்டு எனக்குப் பின்னால் போய் விழுந்தது. பக்கத்து வீட்டு லெஸ்கினென் வேலியில் சாய்ந்து நின்று, "கிம்மோ, அந்தப் பக்கம் கூடையே இல்லடா"ன்னான். இப்போது முன்னால் போகிறது. தூரம் உன் பாதிகூட வராது. கூடைக்கு அருகில் வந்துவிட்டால் மோசமில்லை.

ஆகவே நடக்க மட்டும் வரவில்லை, ஆட வருகிறேன். ஒய்த்தா வேண்டாம். நீ பார்க்காத இடத்தில் எனக்கென்ன வேலை? மூன்றும் வேண்டாம். கிவிக்கோ ஒன்று போதும். மேடு, பாறை, மரம், என் கையாலாகாத கை, எல்லாவற்றையும் நீ பார்த்துவிட்டுப் பிறகு பேசு. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு முதல் எறிமேடையில் நிற்பேன். முந்தின நாள் ஊருக்கு வந்ததும் மச்சான் வீட்டில் படுத்துக்கொள்கிறேன். உன் அறைக்கு வந்தால் நாம் அங்கேயே சண்டையைத் தொடங்கிவிடுவோம்.

ஒன்று கேட்கவேண்டும். கடைசியில் கிடைத்தது வெள்ளைத் தட்டு. அதன் படத்தையும் அனுப்பியிருந்தார்கள். அது நான் பார்த்தறியாத தட்டு, இந்தக் கோடையில் அங்கே வாங்கியிருக்கிறாய். அதிலும் உன் கையெழுத்தில் என் எண். உனக்கு அங்கே சொந்தமாக எண் இருக்கிறது. பிறகு ஏன்?

கிம்மோ


ஹெல்சிங்கி,
ஆகஸ்ட் 18

கிம்மோ,

இடது கையா! கடிதத்தை மூன்று தரம் படித்தேன். லெஸ்கினெனுக்கு என் சார்பில் ஒரு குத்து கொடு.

கிவிக்கோ. பத்து மணி. பையோடு வருகிறேன்.

எண்ணைப் பற்றி நேரில் சொல்கிறேன். எழுதினால் சரியாக வராது.

மெர்வி


நுர்மெஸ்,
ஆகஸ்ட் 25

மெர்வி,

வந்து சேர்ந்தேன். ரயிலில் எட்டு மணி நேரம் யாரும் பேசவில்லை, அதுவரைக்கும் நிம்மதி.

என் பக்கத்தை ஒருமுறை எழுதிவிடுகிறேன், பிறகு கேட்கமாட்டேன். நாம் நன்றாகத்தான் ஆடிக்கொண்டிருந்தோம். மூன்றாம் கூடையில் என் தட்டு சங்கிலியில் விழுந்தபோது நீ கையைத் தட்டினாய். அந்தச் சத்தத்தை வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தேன். ஆறாம் எறிமேடையில் நின்று, தட்டைத் துடைத்துக்கொண்டே, "வியாழக்கிழமையே கையெழுத்துப் போட்டுட்டேன்"ன்னாய். நான் ரயில் ஏறுவதற்கு முந்தின நாள். எதைப் பேசுவதற்காக நான் வருகிறேன் என்று ஒரு மாதமாக எழுதிக்கொண்டிருந்தோமோ, அதை.

அதற்கு நீ சொன்ன காரணமும் நினைவிருக்கிறது. "நீ வந்து கேட்டா நான் திரும்பி வந்துடுவேன், அதான் மொதல்ல போட்டேன்"ன்னாய். நான் கேட்கப்போகிறேன் என்று யார் சொன்னார்கள்? நான் என்ன சொல்ல வந்தேன் என்று நீ கேட்டாயா?

அடுத்த எறியை எவ்வளவு பலத்தோடு எறிந்தேன் என்று பார்த்தாய். அந்தத் தட்டு எங்கே போனதென்று தெரியவில்லை. நீ தேடலாம் என்றாய். யார் தட்டு தொலைந்தாலும் எல்லோரும் நின்று தேடவேண்டும், எதிராளியாக இருந்தாலும். நம் ஆட்டத்தில் அதுதான் முதல் மரியாதை. நான் தேடாமல் வந்துவிட்டேன். மழையும் பிடித்துக்கொண்டது. அது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். மற்றது என் தப்பில்லை.

வேலைக்கு வாழ்த்து. நீ நன்றாக ஓட்டுவாய்.

கிம்மோ


ஹெல்சிங்கி,
ஆகஸ்ட் 28

கிம்மோ,

உன் கடிதம் நேற்று வந்தது. "வாழ்த்து" என்ற வார்த்தையைப் பார்த்ததும் சரி, முடிந்தது என்று நினைத்தேன். பதில்கூட எழுதி வைத்தேன், நல்ல காரமாக. நல்லவேளை, தபாலில் போடவில்லை.

இன்று மத்தியானம் கடைசி நிறுத்தத்தில் டிராமை நிறுத்திவிட்டு ரொட்டியைப் பிரித்தேன். போனில் ஒரு செய்தி. "வணக்கம் கிம்மோ, கிவிக்கோ ஆறாம் கூடைக்கு வலப்பக்கம் தேவதாரு மேல ஒங்க பச்சத் தட்டு மாட்டிக்கிட்டு இருந்துச்சு. இப்ப எங்கிட்ட இருக்கு. எப்ப வந்து வாங்கிக்கிறீங்க?"

முதலில் விளங்கவில்லை. உன் பெயர் என் போனில் எதற்கு? யாரோ எண்ணைத் தப்பாகப் பார்த்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். படம் அனுப்பச் சொன்னேன். அனுப்பினார்கள்.

உன்னுடைய அதே கோணல் எழுத்து. கிம்மோ. அதன் கீழே என் எண். இங்கே வந்தபின் வாங்கிய என் ஹெல்சிங்கி எண்.

கிவிக்கோவில் நின்று நீ அதை எழுதவில்லை. வரும்போதே அப்படித்தான் எழுதிக்கொண்டு வந்தாய். இந்த ஊர்த் திடலில் உன் தட்டு தொலைந்தால் செய்தி என்னிடம் வரட்டும் என்று. நீ என்ன சொல்ல வந்தாய் என்று எழுதியிருந்தாயே, அதை நீ பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாய். நான்தான் முந்திக்கொண்டு கையெழுத்து, வியாழக்கிழமை என்று கொட்டிவிட்டேன். என்னைப் போல் அவசரக்காரி இந்த ஊரிலேயே கிடையாது. மன்னித்துவிடு.

நீ கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். வெள்ளைத் தட்டை வாங்கி, கடையிலேயே மைப் பேனாவை எடுத்து எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் அது உன் எண் என்று பார்த்தேன். கடைக்காரப் பெண் அழிக்கத் திரவம் நீட்டினாள். "வேண்டாம், அது சரியான நம்பர்தான்"ன்னேன். தொலைந்தால் செய்தி உனக்குப் போகும் என்றுகூட அப்போது யோசிக்கவில்லை. இதைச் சொல்லத்தான் ஒன்பதாம் கூடை வரட்டும் என்று காத்திருந்தேன். நாம் அதுவரை போகவில்லை.

உன் தட்டைப் பெட்டியில் போடச் சொல்லவில்லை. ஷிஃப்ட் முடிந்ததும் நானே போய் வாங்கி வந்தேன். ஓரத்தில் கொஞ்சம் பிசின் ஒட்டியிருக்கிறது, துடைக்கவில்லை. என் ஜன்னல் மேடையில் இருக்கிறது. உனக்கு வேண்டுமென்றால் நீயே வந்து எடுத்துக்கொள். தபாலில் அனுப்பமாட்டேன்.

மெர்வி


நுர்மெஸ்,
செப்டம்பர் 1

மெர்வி,

நம்பர் தெளிவாக இருந்ததா? இரண்டு முறை அழித்து எழுதினேன்.

கடையை லெஸ்கினென் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். இடது கைக்காரன் படகு மோட்டாரைத் தொடாமல் இருப்பதே ஊருக்கு நல்லதாம். அவனைக் குத்தவில்லை. வீட்டை என்ன செய்வது என்று நாம் சேர்ந்து யோசிக்கலாம்.

சனிக்கிழமை வருகிறேன். விட்ட இடத்திலிருந்து தொடங்கினால் ஒன்பதாம் கூடைக்கு அதிக நேரம் ஆகாது. ஆனாலும் இந்த முறை திடலை நீ தேர்ந்தெடு. நாயையும் என் குளிர்கால பூட்ஸையும் எடுத்து வருகிறேன்.

கிம்மோ